ஒருவர் தலைக்குள் இருந்த ரிலீஸ்: ஒரு கோவை டீமின் பைப்லைன் அனுபவம்

பில்டு (நிரலிலிருந்து ஓடக்கூடிய மென்பொருளைக் கட்டுவது), டெஸ்ட், ரிலீஸ் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாகத் தானாக நடக்கும் வரிசைதான் பைப்லைன். அதைப் போடப் போகிறோம் என்றால் கருவியைப் பற்றி உடனே வரும் கேள்வி, "ஜென்கின்ஸா, கிட்லேபா, கிட்ஹப் ஆக்‌ஷன்ஸா?" என்பதுதான். என் அனுபவத்தில் அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. இன்றைக்கு உங்கள் ரிலீஸ் எப்படி நடக்கிறது என்பது முழுசாக யாருக்குத் தெரியும்? அதைத்தான் முதலில் கேட்க வேண்டும். ஒரே ஒரு பெயர் பதிலாக வந்தால் வேலையை அங்கேதான் தொடங்க வேண்டும்.

நான் கோவையில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். நூற்பாலைகளுக்கும் நூல் வியாபாரிகளுக்கும் ஸ்டாக், பில்லிங் மென்பொருள் செய்து தருகிறோம். ஆலைகள் மூன்று ஷிஃப்டும் ஓடும். நள்ளிரவிலும் மகாராஷ்டிர நெசவு ஊர்களான பிவண்டிக்கோ இச்சல்கரஞ்சிக்கோ போகும் லாரியில் மூட்டை ஏற்றுவார்கள், பில் போடுவார்கள், சரக்கோடு போக வேண்டிய இ-வே பில் எடுப்பார்கள். எங்கள் சர்வர் நின்றால் அந்த லாரி கேட்டைத் தாண்டாது. அதனால் ரிலீஸ் என்றால் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை, அதுவும் டீமில் மூத்தவர் உட்கார்ந்தால்தான். எல்லோரும் அவரை அண்ணா என்றே கூப்பிடுவோம். அண்ணா ஊருக்குப் போயிருந்தால் அந்த வாரம் ரிலீஸ் கிடையாது.

ஒரு வாரம் தள்ளிப்போனால் அந்த வார மாற்றங்களும் அடுத்ததோடு சேர்ந்துகொள்ளும். மாற்றங்கள் சேரச் சேர ரிலீஸ் பெரிதாகும். பெரிய ரிலீஸில் ஏதாவது உடைந்தால் எந்த மாற்றம் உடைத்தது என்று பிடிக்கவே நேரம் போகும். அந்தப் பயத்தில் அடுத்த ரிலீஸை இன்னும் தள்ளிப்போடுவோம். வேகம் வேண்டும் என்று நாங்கள் பைப்லைன் போடவில்லை. இந்தச் சுழற்சியை அறுக்கத்தான் போட்டோம்.

ஒரு வரி ஸ்கிரிப்ட் எழுதுவதற்கு முன் செய்தது, அண்ணா ரிலீஸ் செய்யும்போது பக்கத்தில் உட்கார்ந்து அவர் கை செய்வதை எல்லாம் அப்படியே எழுதியதுதான். எங்களிடம் ஏற்கெனவே ஒரு ரிலீஸ் குறிப்பு இருந்தது. அதில் இருந்த படிகளைவிட இல்லாத படிகளே அதிகம். ஓரிடத்தில் ஒரு ஃபோல்டரைப் பழைய சர்வரிலிருந்து புதியதற்கு காப்பி செய்தார்.

"இது எதுக்குங்கண்ணா?"

"அதில்லாமப் போனா பில் பிரிண்ட்ல தமிழெல்லாம் கட்டங்கட்டமா வந்துருமுங்க."

அது ஒரு தமிழ் எழுத்துரு. பல வருடம் முன்பு யாரோ சர்வரில் நிறுவியிருக்கிறார்கள், எங்கேயும் குறிப்பில்லை. அளவைக் குறைப்பதற்காகச் செதுக்கிய லினக்ஸ் கண்டெய்னர் இமேஜ்களில் (மென்பொருளும் அது ஓடத் தேவையானவையும் சேர்த்துக் கட்டிய பொட்டலங்களில்) பொதுவாகத் தமிழ் எழுத்துரு இருக்காது. அண்ணாவிடம் கேட்காமல் நேரே அந்த இமேஜ்களை ஓட்டும் டாக்கருக்குப் போயிருந்தால் வாடிக்கையாளர் பெயர்கள் எல்லாம் கட்டமாக அச்சாகி ஆலைக்குப் போயிருக்கும். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. எழுத்துரு இருந்தும், எழுத்துகளைக் கோத்து அடுக்கும் ஹார்ஃப்பஸ் போன்ற பகுதி பிடிஎஃப் செய்யும் வழியில் இல்லையென்றால் ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். கட்டமாக வந்தால் யாரும் கண்டுபிடித்துவிடலாம். கொம்பு இடம் மாறினால் தமிழ் படிக்காத ஒருவர் சரிபார்த்து அனுப்பிவிடுவார். அதனால் நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை இமேஜுக்குள்ளேயே வைத்தோம். ஒரு மாதிரி பில்லை பிடிஎஃப் ஆக்கி, அதைப் படமாக மாற்றி, ஒப்புதல் பெற்ற படத்தோடு ஒப்பிடும் டெஸ்ட் ஒன்றும் எழுதினோம். எங்கள் பைப்லைனில் எனக்கு மிகவும் பிடித்த டெஸ்ட் அதுதான்.

அப்படி எழுதி முடித்த பட்டியலில் காரணமே இல்லாத படிகளும் இருந்தன. ஒரு சர்வீஸை இரண்டு முறை ரீஸ்டார்ட் செய்யும் பழக்கம் எதற்காக வந்தது என்று அண்ணாவுக்கே நினைவில்லை. எல்லாவற்றையும் அப்படியே ஸ்கிரிப்டாக்கினால் இதுவும் நிரந்தரமாகிவிடும். எனவே ஒவ்வொரு படிக்கும் பக்கத்தில் காரணம் எழுதினோம். காரணம் கிடைக்காததைச் சோதனை சர்வரில் நீக்கிப் பார்த்தோம். இந்த வேலையை அண்ணாவை ஒதுக்கிவிட்டுச் செய்யக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். பைப்லைன் ஸ்கிரிப்டில் எந்த மாற்றம் வந்தாலும் அவர் பார்த்து ஒப்புதல் தந்த பிறகுதான் மெர்ஜ், அதாவது முதன்மை நிரலோடு சேர்ப்பது. வருடக்கணக்கில் ஞாயிற்றுக்கிழமைகளைக் கொடுத்தவருக்கு, அந்த அறிவு அவருடையது என்று காட்டும் மரியாதை அது. அவர் கண்ணுக்குப் பட்ட ஓட்டைகள் வேறு யார் கண்ணுக்கும் பட்டிருக்காது என்பதும் உண்மை.

கையால் செய்தால் என்ன ஆகிவிடும், இத்தனை வருடம் நடக்கவில்லையா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது நைட் கேப்பிட்டல் கதை. 2012 ஆகஸ்ட் 1 அன்று நடந்தது. அமெரிக்கப் பங்குச் சந்தையில் மிகப் பெரிய அளவில் ஆர்டர்களைக் கையாண்ட நிறுவனம் அது. புதிய கோடை (code, அதாவது நிரலை) 8 சர்வர்களில் கையால் ஏற்றினார்கள். ஒன்றில் விட்டுப்போனது. இரண்டாவது ஆள் ஒருவர் சரிபார்க்க வேண்டும் என்ற எழுதப்பட்ட நடைமுறை அங்கே இல்லை. முன்பு ஒரு பழைய, கைவிட்ட கோடை இயக்கிய அதே ஃபிளாகை, அதாவது ஆன்-ஆஃப் சுவிட்ச் போன்ற குறியைப் புதிய வேலைக்கும் பயன்படுத்தியிருந்தார்கள். சந்தை திறந்ததும் விட்டுப்போன அந்தச் சர்வரில் பழைய கோடு உயிர்பெற்று ஆர்டர்களை அனுப்பிக்கொண்டே இருந்தது. சுமார் 45 நிமிடத்தில் 44 கோடி டாலருக்கும் மேல் நஷ்டம். இதில் என்னை அதிகம் பாதித்தது நடுவில் நடந்த ஒன்று. பிரச்சினையைச் சரிசெய்ய முயன்றவர்கள், சரியாக இருந்த மற்ற 7 சர்வர்களிலிருந்து புதிய கோடை நீக்கினார்கள். பழைய கோடு எட்டிலும் ஓட ஆரம்பித்தது. எந்தச் சர்வரில் எந்தப் பதிப்பு ஓடுகிறது என்பது உறுதியாகத் தெரியாதபோது முந்தைய பதிப்புக்குத் திரும்பும் ரோல்பேக் கூட நஷ்டத்தைப் பெரிதாக்கும்.

அதனால் நாங்கள் வைத்த முதல் விதி: பில்டு ஒரே முறைதான். சோதனை சர்வரில் ஓடிய அதே இமேஜ்தான் வாடிக்கையாளர் சர்வருக்கும் போக வேண்டும். முன்பு சோதனைக்கு ஒரு பில்டு, ரிலீஸுக்கு இன்னொரு பில்டு என்று இருந்தது. இரண்டுக்கும் நடுவில் நாங்கள் பயன்படுத்தும், பிறர் எழுதிய ஏதாவது ஒரு லைப்ரரி புதுப் பதிப்புக்கு மாறியிருந்தால், சோதித்தது ஒன்று, கொடுத்தது வேறொன்று. எல்லா லைப்ரரிகளின் பதிப்பையும் லாக் ஃபைலில் பூட்டி அதையும் கமிட் செய்துவிடுங்கள், அதாவது கோடோடு சேர்த்துப் பதிந்துவிடுங்கள். சர்வருக்குச் சர்வர் மாறும் முகவரி, பாஸ்வேர்டு போன்றவை இமேஜுக்கு வெளியே இருக்கட்டும். ஒவ்வொரு பதிவுக்கும் உள்ள கமிட் எண்ணின் முதல் சில எழுத்துகளைத் திரையின் அடியில் காட்டினோம். சப்போர்ட்டில் இருப்பவர்கள் போனில் முதலில் அதைத்தான் படிக்கச் சொல்கிறார்கள். பதிப்பு பற்றிய பாதிக் குழப்பம் அதிலேயே போய்விட்டது.

பில்டை எங்கள் லேப்டாப்களிலிருந்து எடுத்து லினக்ஸ் ரன்னரில் (பைப்லைன் வேலைகளை ஓட்டும் மெஷினில்) ஓடவிட்ட அன்றைக்கே அது உடைந்தது. விண்டோஸும் மேக்கும் வழக்கமாக ஃபைல் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் பார்ப்பதில்லை. லினக்ஸ் பார்க்கும். "என் மெஷின்ல ஓடுதே" என்ற பேச்சு அதோடு முடிந்தது. ரன்னரில் ஓடினால்தான் ஓடியது என்று டீமில் ஒப்புக்கொண்டோம்.

டெஸ்டுக்கு வருவோம். வேகமாக ஓடட்டும் என்று டெஸ்டுகளில் எஸ்க்யூலைட், நிஜத்தில் போஸ்ட்கிரெஸ் என்று இரண்டு வேறு டேட்டாபேஸ்களை வைத்திருந்தோம். எஸ்க்யூலைட்டில் எண்ணுக்கான காலத்தில் (column, டேபிளின் நெடுவரிசை) எழுத்தைப் போட்டாலும் சாதாரணமாக ஏற்றுக்கொள்ளும், 20 எழுத்து என்று சொன்ன காலத்தில் 50 எழுத்தும் போகும். போஸ்ட்கிரெஸ் இரண்டையும் மறுக்கும். அப்படியானால் அந்த டெஸ்ட் பாஸ் ஆவதற்கு என்ன அர்த்தம்? பைப்லைனில் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு போஸ்ட்கிரெஸ் கண்டெய்னர் எழுந்து, வேலை முடிந்ததும் போய்விடும்படி மாற்றினோம். கொஞ்சம் நேரம் கூடியது, ஆனால் முடிவை நம்ப முடிந்தது.

சில நேரம் பாஸ், சில நேரம் ஃபெயில் என்று ஆடும் டெஸ்டுகள், அதாவது ஃபிளேக்கி டெஸ்டுகள், பைப்லைனையே கொன்றுவிடும். கூகுளில் சுமார் 16% டெஸ்டுகளில் ஏதோ ஓர் அளவு ஆட்டம் இருக்கிறது என்று அவர்களே 2016இல் எழுதினார்கள். அவ்வளவு பெரிய இடத்திலேயே அப்படி என்றால் நமக்கு வராமல் இருக்காது. ஆபத்து எங்கே என்றால், சிவப்பு வந்தால் இன்னொரு முறை ஓடவிட்டுப் பச்சையாக்கும் பழக்கம். அது வந்துவிட்டால் நிஜமான சிவப்பையும் யாரும் பார்க்க மாட்டார்கள்.

எங்களிடம் அப்படி ஒரு டெஸ்ட் ராத்திரி புஷ் செய்தவர்களுக்கு (கோடைப் பைப்லைனுக்கு அனுப்பியவர்களுக்கு) மட்டும் ஃபெயில் ஆகும், காலையில் ஓடவிட்டால் பாஸ். பலரும் ரன்னர் சரியில்லை என்று விட்டுவிட்டார்கள். டீமில் இளையவள் ஒருத்தி விடவில்லை. உட்கார்ந்து பார்த்துக் காரணத்தைக் கண்டுபிடித்தாள். ரன்னரின் கடிகாரம் யூடிசி என்ற உலகப் பொது நேரம். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால். நள்ளிரவு 12 மணியிலிருந்து காலை 5.30 வரை யூடிசிக்கு இன்னும் நேற்றுதான். டெஸ்டில் தப்பே இல்லை. எங்கள் மென்பொருளே அந்த நேரத்தில் போடும் பில்லுக்கு நேற்றைய தேதியைப் போட்டுக்கொண்டிருந்தது. மார்ச் 31 ராத்திரி ஷிஃப்டை நினைத்துப் பாருங்கள். ஏப்ரல் 1, 12.30 மணிக்கு போட்ட பில் முந்தைய நிதியாண்டின் எண் வரிசையில் போய் உட்காரும். இப்போது எங்கள் கோடில் நேரத்தை யாரும் நேரடியாகக் கேட்க முடியாது, ஒரு கடிகாரப் பகுதி வழியாகத்தான் கேட்க வேண்டும். டெஸ்டில் அந்தக் கடிகாரத்தை மார்ச் 31 இரவு 11.50, ஏப்ரல் 1 அதிகாலை 12.10, பிப்ரவரி 29 என்று எங்கே வேண்டுமானாலும் நிறுத்தி வைக்கலாம். ஆடும் டெஸ்ட் கிடைத்தால் உடனே தனியாக ஒதுக்கி, ஒருவர் பெயரில் போட்டு, காரணம் தெரியும் வரை விடாதீர்கள். அது சொல்ல வந்தது உங்கள் மென்பொருளைப் பற்றியதாக இருக்கலாம்.

தமிழில் பெயர்களைக் கையாள்பவர்களுக்கு இன்னொன்று. 'கொ' என்ற எழுத்தின் கொம்பையும் காலையும் யூனிகோடில் ஒரே குறியீடாகவும் வைக்கலாம், இரண்டு தனிக் குறியீடுகளாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான். ஆனால் நிரல் ஒப்பிட்டால் வேறு வேறு. ஒரே வியாபாரி இரண்டு கணக்காகப் பதிவாக இது போதும். உள்ளே வரும் எழுத்தை எல்லாம் என்எஃப்சி என்ற ஒரே சீரான வடிவத்துக்கு மாற்றிவிட்டு, அதற்கு ஒரு டெஸ்டும் எழுதி வையுங்கள்.

டெஸ்ட் முழுவதும் பத்து நிமிடத்துக்குள் முடிய வேண்டும் என்று எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் என்ற மென்பொருள் உருவாக்கும் முறையை வகுத்த கென்ட் பெக் அதைப் பற்றிச் சொன்னபோதே சொன்னார். அது இன்றைக்கும் நல்ல அளவுதான். அதைத் தாண்டினால் ஆட்கள் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள், திரும்பி வரும்போது தான் என்ன மாற்றினோம் என்பதே மறந்திருக்கும்.

உண்மையான கஷ்டம் டேட்டாபேஸில் இருக்கிறது. பைப்லைன் பற்றிப் பேசும் பலர் இதைத் தொடாமல் போய்விடுகிறார்கள். கோடைப் பழைய பதிப்புக்குத் திருப்பிவிடலாம். நீக்கிய காலத்தில் இருந்த தரவைத் திருப்ப முடியாது. எனவே ஒரு காலத்தின் பெயரை மாற்ற வேண்டும் என்றால் நாங்கள் பல ரிலீஸாகப் பிரிக்கிறோம். முதலில் புதிய காலத்தைச் சேர்ப்பது. அப்புறம் கோடு இரண்டிலும் எழுதும்படி செய்வது, பழைய தரவைக் கொஞ்சம் கொஞ்சமாக நிரப்புவது. பிறகு புதியதிலிருந்து படிப்பது. எல்லாம் சரியாக ஓடுகிறது என்று உறுதியான பிறகு, வேறொரு ரிலீஸில் பழையதை நீக்குவது. சர்வர்களை ஒவ்வொன்றாக மாற்றும்போது கொஞ்ச நேரம் பழைய பதிப்பும் புதிய பதிப்பும் ஒரே டேட்டாபேஸில் ஓடும். இரண்டுக்கும் பொருந்தும் அமைப்பாக அது இருந்தே ஆக வேண்டும்.

போஸ்ட்கிரெஸ் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது பூட்டு. டேபிளின் அமைப்பை மாற்றும் ஆல்டர் டேபிள் கட்டளை பெரும்பாலும் அந்த டேபிளுக்கு முழுப் பூட்டு கேட்கும். மாற்றம் ஒரு நொடி வேலைதான். ஆனால் அதற்கு முன்னால் யாரோ ஒருவரின் நீண்ட ரிப்போர்ட் ஓடிக்கொண்டிருந்தால் ஆல்டர் காத்திருக்கும். ஆல்டருக்குப் பின்னால் வரும் எல்லா பில்லும் அதற்குப் பின்னால் வரிசையில் நிற்கும். டேபிளே உறைந்துபோன மாதிரி இருக்கும். பூட்டுக்காக எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்று சொல்லும் லாக் டைம்அவுட் என்ற அமைப்பைச் சில நொடிகளாக வைத்துவிட்டால், பூட்டு கிடைக்காதபோது ஆல்டர் தோற்று விலகிவிடும், பைப்லைன் கொஞ்சம் பொறுத்து மறுபடி முயலும். தேடலை வேகமாக்கும் இண்டெக்ஸ் சேர்க்கும்போது கன்கரன்ட்லி என்ற சொல்லைச் சேர்க்க வேண்டும். இல்லையென்றால் அது கட்டி முடியும் வரை அந்த டேபிளில் எழுத முடியாது. கன்கரன்ட்லி போட்டால் அந்தக் கட்டளை, பல கட்டளைகளை ஒன்றாகச் சேர்த்து முழுசாக நடத்தும் அல்லது முழுசாகக் கைவிடும் டிரான்ஸாக்‌ஷனுக்குள் ஓடாது. டேட்டாபேஸ் அமைப்பை மாற்றும் பல மைக்ரேஷன் கருவிகள் எல்லாவற்றையும் டிரான்ஸாக்‌ஷனுக்குள்தான் போடும் என்பதால் அந்த ஒன்றுக்கு மட்டும் அதை அணைக்க வேண்டும். இத்தனையும் ஒரு சரிபார்ப்பு ஸ்கிரிப்டாக எங்கள் பைப்லைனில் இருக்கிறது. பூட்டு வரம்பு இல்லாத மைக்ரேஷனை அது மெர்ஜ் ஆகவே விடாது.

பைப்லைனின் கையில் சர்வர் சாவிகள் எல்லாம் இருக்கின்றன, அதனால் அதன் பாதுகாப்பை லேசாக எடுக்கக் கூடாது. 2025 மார்ச்சில் கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் பல ஆயிரம் திட்டங்கள் பயன்படுத்திய ஒரு பொதுப் பகுதியை யாரோ கைப்பற்றி, அதன் பழைய பதிப்புகளின் பெயர்ச் சீட்டுகளான டேக்குகளை எல்லாம் தீய கோடு இருக்கும் கமிட்டுக்குத் திருப்பிவிட்டார்கள். அதை ஓடவிட்ட பைப்லைன்களின் ரகசியங்கள் ஓட்டப் பதிவான லாகில் அச்சாகின. பதிப்பு டேக்கை நகர்த்த முடியும், கமிட்டின் முழு ஹேஷை (அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட அடையாள எண்ணை) நகர்த்த முடியாது. எனவே வெளியாள் எழுதிய பகுதிகளை முழு ஹேஷ் கொடுத்தே அழையுங்கள். நிரந்தரச் சாவிக்குப் பதில் அந்த ஓட்டத்துக்கு மட்டும் செல்லும் குறுகிய கால டோக்கனைப் பயன்படுத்துங்கள்.

இதெல்லாம் உண்மையில் உதவியதா என்று கேட்டால் நான் சொல்வது 2025 செப்டம்பர். ஜிஎஸ்டி கவுன்சில் 3ஆம் தேதி புதிய விகிதங்களை அறிவித்தது. 22ஆம் தேதி முதல் அமல். செயற்கை இழை நூல் 12%லிருந்து 5%, செயற்கை இழை 18%லிருந்து 5%. எங்கள் வாடிக்கையாளர்களில் பாலியஸ்டர், விஸ்கோஸ் நூல் விற்கும் எல்லோருக்கும் 21ஆம் தேதி நள்ளிரவில் பில் மாற வேண்டும். மூட்டை ஏற்றுவது அந்த நேரத்திலும் நடக்கும். 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்தபோது இங்கே யாரும் அந்த இரவு தூங்கவில்லை.

இந்த முறை விகித அட்டவணையில் ஒவ்வொரு வரிக்கும் அமலாகும் தேதி இருந்தது. அந்தத் தரவு மாற்றமும் கோடு மாதிரியே பைப்லைன் வழியாகத்தான் போனது. தரவுதானே, நேரடியாக மாற்றிவிடலாம் என்ற எண்ணம் எவ்வளவு ஆபத்து என்பதற்கு 2024 ஜூலை 19 சாட்சி. கிரவுட்ஸ்டிரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் அன்று அனுப்பியது புதிய நிரல் இல்லை, ஒரு உள்ளடக்க ஃபைல். அதைப் படிப்படியாக அனுப்பாமல் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பியதில் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் விழுந்தன. நம் விமான நிலையங்களில் கையால் போர்டிங் பாஸ் எழுதிக் கொடுத்தார்கள். நாங்கள் முதலில் சோதனைக்காக வைத்திருக்கும் எங்கள் நிறுவனக் கணக்குக்கு, அப்புறம் முன்வந்து ஒப்புக்கொண்ட இரண்டு ஆலைகளுக்கு, ஒரு நாள் கவனித்துவிட்டு மற்றவர்களுக்கு என்று அனுப்பினோம்.

டெஸ்டுகளில் கடிகாரத்தை 21ஆம் தேதி இரவு 11.59இல் நிறுத்தினோம், 22ஆம் தேதி 12.00இல் நிறுத்தினோம். பழைய பில்லுக்கு 22க்குப் பிறகு போடும் கிரெடிட் நோட் பழைய விகிதத்தில்தான் வர வேண்டும் என்பதற்கும் டெஸ்ட் இருந்தது. அந்த ஃபிளேக்கி டெஸ்டை அந்தப் பெண் விடாமல் பிடித்திருக்காவிட்டால், 22ஆம் தேதி அதிகாலை 5.30 வரை போட்ட எல்லா பில்லும் பழைய விகிதத்தில் போயிருக்கும். மாற்றம் பல நாள் முன்னாலேயே எல்லா சர்வரிலும் போய் உட்கார்ந்துவிட்டதால் அந்த இரவு டெப்ளாய் செய்ய ஒன்றுமில்லை. சப்போர்ட்டில் இரண்டு பேர் மட்டும் விழித்திருந்தார்கள். அண்ணா சொந்த ஊருக்குப் போயிருந்தார்.

புதிதாகத் தொடங்குபவர்கள் எல்லாவற்றையும் ஒரேயடியாகச் செய்ய நினைக்க வேண்டாம். இரண்டு பேர் டீமாக இருந்தால், ரிலீஸ் படிகளை எழுதி வைப்பது, ஒரே கட்டளையில் சுத்தமான மெஷினில் பில்டு ஆவது, ஒரு கட்டளையில் முந்தைய பதிப்புக்குத் திரும்புவது, இந்த மூன்றும் முதலில் வரட்டும். ரோல்பேக்கைப் பிரச்சினை வரும் நாளுக்காக வைத்திருக்காமல் நல்ல நாளிலேயே செய்து பாருங்கள். டெஸ்ட் எண்ணிக்கையை அப்புறம் கூட்டிக்கொள்ளலாம். எங்கே ஒவ்வொரு முறையும் வலிக்கிறதோ அந்தப் படியை அடுத்து எடுங்கள்.

எங்களிடம் இன்னும் கையால் நடப்பது ஒன்று உண்டு. சில ஆலைகளில் கேட் பாஸ் இன்றும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில், முன்கூட்டியே கோடு அச்சிட்ட தாளில்தான் வருகிறது. ஒரு வரி கீழே இறங்கினால் மூட்டை எண்ணிக்கை எடைக்கான கட்டத்தில் போய் விழும். அச்சு தொடர்பான நிரல் மாறிய ரிலீஸ் என்றால் பைப்லைன் ஓரிடத்தில் நிற்கும். ஆபீஸில் இருக்கும் பழைய பிரிண்டரில் ஒருவர் ஒரு தாள் எடுத்து, கட்டத்துக்குள் எல்லாம் விழுந்திருக்கிறதா என்று பார்த்து ஒப்புதல் தந்த பிறகுதான் அது மேலே போகும்.